விழாவிட்டால் நாட்டுக்கு எவ்வளவு?

வாணியம்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “கேரளத்துக்கு லாட்டரியில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கோடி வருகிறதாம். தமிழ்நாடும் 2003இல் மூடிய லாட்டரியைத் திரும்பத் திறந்து, ஏலகிரியில் ஒரு கேசினோவுக்கும் உரிமம் கொடுத்தால் மாநிலத்தின் கடன் குறையாதா? என் மாமா வேலூரில் லாட்டரிக் கடை வைத்திருந்தவர். அவரைப் போன்றவர்களுக்குப் பிழைப்பும் திரும்புமே?” சூதாட்டம் நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது கணக்கு. அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் மூன்று கேள்விகள் இருக்கின்றன. வசூலாகும் பணத்தில் கருவூலத்தில் நிற்பது எவ்வளவு? அது புதுப் பணமா, அல்லது அரசின் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறும் பணமா? அதைக் கொடுப்பவர் யார்?

நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். கருவூலக் கணக்குத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள், பெரும்பாலும் வேலூர், குடியாத்தம், திருப்பத்தூர் அலுவலகங்களில் இருந்தவன். எங்கள் தொழிலில் ஒரு புத்தி வந்துவிடும். யாராவது ஒரு பெரிய தொகையைச் சொன்னால் மலைக்கத் தோன்றாது. எந்தக் கணக்குத் தலைப்பில் வந்தது, எந்தத் தலைப்பில் போனது என்று கேட்கத் தோன்றும். எனவே கருவூலத்தின் வாசல் வரைக்கும் நான் உறுதியாகப் பேசுவேன். வாசலைத் தாண்டி வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதில் எனக்கு இருப்பது பார்வை மட்டுமே. அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். மாநில அரசுகளின் வரவு செலவுத் திட்டத்தில் லாட்டரி வருவாய் 0075 என்ற பெருந்தலைப்பின் கீழ் வருகிறது. டிக்கெட் விற்ற மொத்தப் பணமும் அங்கே வரவாகப் பதிவாகும். பரிசுப் பணம், முகவர் கமிஷன், அச்சுச் செலவு, விளம்பரம் எல்லாம் 2075 என்ற செலவுத் தலைப்பில் தனியே போகும். பத்திரிகையில் ‘லாட்டரி வருவாய்’ என்று அச்சாவது முதல் தலைப்பில் உள்ள தொகை. இரண்டாவது தலைப்பை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. பெட்டிக்கடைக்காரர் ஒருவர் கல்லாவில் விழுந்த மொத்தத்தையும் லாபம் என்று சொன்னால் சிரிப்போம். அரசு சொன்னால் தலையங்கம் எழுதுகிறோம்.

கேரளத்தின் மொத்த வசூல் அண்மை ஆண்டுகளில் ரூ.12,000 கோடியைத் தாண்டியது உண்மைதான். அதில் பாதிக்கும் மேல் பரிசாகவே திரும்பிப் போகிறது. அடுத்த பெரிய பங்கு முகவர்களுக்கும் விற்பவர்களுக்கும். எல்லாம் கழித்து லாபமாக நிற்பது ஏறத்தாழ ஆயிரம் கோடி. சில ஆண்டுகளில் கூடியிருக்கிறது, சில ஆண்டுகளில் பாதியாகவும் இறங்கியிருக்கிறது. இதோடு ஜிஎஸ்டியில் மாநிலத்தின் பங்கையும் சேர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நியாயமாகாது. 2020 மார்ச் முதல் எல்லா லாட்டரிக்கும் 28 விழுக்காடு என்றிருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடு ஆனது. டிக்கெட்டின் முகவிலைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது. எளிய கணக்காகப் பார்ப்போம். ரூ.140 விலையுள்ள ஒரு டிக்கெட்டில் 40 ரூபாய் வரி. அதில் 20 மாநிலத்துக்கு, 20 ஒன்றிய அரசுக்கு. மீதி நூறு ரூபாயில்தான் பரிசும் கமிஷனும் அச்சும் லாபமும் அடங்க வேண்டும். வரியை ஏற்றியபோது டிக்கெட் விலையை ஏற்றாவிட்டால் பரிசு சுருங்கும், அல்லது விற்பவரின் கமிஷன் சுருங்கும். வானத்திலிருந்து எதுவும் விழுவதில்லை.

ஆக, லாபத்தையும் வரிப் பங்கையும் சேர்த்துத் தோராயமாக ரூ.2,500 கோடி என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் கடன் ரூ.9 லட்சம் கோடிக்கு மேல். ஆண்டு வட்டி மட்டும் சுமார் ரூ.70,000 கோடி, அதாவது நாளொன்றுக்கு ரூ.190 கோடிக்குச் சற்று மேல். ஒரு முழு ஆண்டு லாட்டரி நடத்திக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு வாரத்து வட்டி. வட்டிதான், அசல் அல்ல. இது வேண்டாத பணம் என்று நான் சொல்லவில்லை, ரூ.2,500 கோடியில் எத்தனையோ பள்ளிக் கட்டடம் கட்டலாம். ஆனால் ‘கடன் குறையும்’ என்ற சொல்லுக்கு இந்தத் தொகை ஈடாகாது.

அமெரிக்க மாநிலங்கள் நம்மைவிட நெடுங்காலம் இதில் ஊறியவை. 1964இல் நியூ ஹாம்ப்ஷயர் லாட்டரியைத் தொடங்கியது. பிறகு கேசினோக்கள் பரவின. 2018இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த தடையை நீக்கியதும் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதையும் திறந்துவிட்டன. இத்தனைக்கும் பிறகு மாநிலங்கள் சொந்தமாகத் திரட்டும் வருவாயில் சூதாட்டத்தின் பங்கு, மொத்தமாகப் பார்த்தால், நூற்றுக்கு இரண்டு இரண்டரை என்ற அளவில்தான் நிற்கிறது. நெவாடா போன்ற ஓரிரு மாநிலங்கள் விதிவிலக்கு.

இனி நம் ஊர்க் கதை. 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது பரிசுச் சீட்டு வந்தது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கத்தைக் கேட்காமல் வளர்ந்தவர் என் தலைமுறையில் இல்லை. இடையில் ஒருமுறை நிறுத்தி, மீண்டும் தொடங்கி, 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிக்கும் தடை வந்தது. அந்த முழக்கத்தின் முதல் பாதியைத்தான் மக்கள் கேட்டார்கள். தணிக்கை செய்ய வேண்டியது இரண்டாவது பாதியை. விழாத சீட்டின் பணத்தில் பெரும் பங்கு போனது நாட்டுக்கு அல்ல, விழுந்த சீட்டுக்காரரின் வீட்டுக்கும் முகவரின் வீட்டுக்கும். நாட்டுக்கு மிஞ்சியது சில்லறை. இதில் மோசடி ஒன்றுமில்லை. லாட்டரி என்ற பண்டத்தின் அமைப்பே அப்படி: பரிசைக் குறைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள், கூட்டினால் அரசுக்கு நிற்காது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேலூர் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியும் நேதாஜி மார்க்கெட் பக்கமும் நடந்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். கடைகளில் தோரணமாகத் தொங்கியவற்றில் தமிழ்நாட்டுச் சீட்டு ஒரு பக்கம், சிக்கிம், நாகாலாந்து, பூடான் என்று மற்றவை மறுபக்கம். திரும்பத் திறந்தால் அதுதான் திரும்ப நடக்கும் என்று சட்டமே சொல்கிறது. 1998ஆம் ஆண்டின் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஒரு மாநிலம் பிற மாநிலச் சீட்டுகளைத் தடை செய்யலாம். ஆனால் தானும் லாட்டரி நடத்தாமல் இருந்தால்தான் அப்படித் தடுக்க முடியும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. தமிழ்நாடு கடை திறந்த மறுநாள் வடகிழக்கு மாநிலங்களின் சீட்டுகளும் காட்பாடியில் வந்து இறங்கும். அவற்றின் விற்பனையில் வரிப் பங்கு நமக்குக் கிடைக்கும், லாபம் கிடைக்காது. கேரளத்தின் தொகையை எடுத்து மக்கள்தொகையால் பெருக்கிப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கே உறுதி குறைகிறது. சீட்டு வாங்கும் நூறு ரூபாய் வேறு எதற்குப் போயிருக்கும்? அரிசிக்கோ பாலுக்கோ போயிருந்தால் அரசுக்கு அதில் வரி அநேகமாக இல்லை; சீட்டுக்குப் போனால் வரி உண்டு. கருவூலத்துக்கு ஆதாயம், அடுப்படிக்கு நட்டம். துணிக்கோ செருப்புக்கோ போயிருந்தால் ஏற்கெனவே கொஞ்சம் வரி வந்திருக்கும், ஆதாயம் அந்த அளவுக்குக் குறையும். டாஸ்மாக்குக்குப் போயிருந்தால் கதையே வேறு. மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. அதன் ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் முழுவதும் மாநிலத்துக்கே. ஆண்டுக்கு ரூ.45,000 கோடிக்கு மேல் அதில் வருகிறது. ஒரு குடிமகன் குவார்ட்டரைக் குறைத்து லாட்டரி வாங்கினால் அரசு ரூபாயைக் கொடுத்துக் காலணாவை வாங்குகிறது. அந்த மனிதரின் ஈரலுக்கு நல்லதாக இருக்கலாம், நிதிச் செயலாளருக்கு அல்ல.

எது நடக்கும் என்பதை உட்கார்ந்த இடத்தில் கணிக்க முடியாது. நான் அருகிலிருந்து பார்த்தது ஒரே ஒருவரை. சார்நிலைக் கருவூலத்தில் என்னோடு இருந்த அலுவலக உதவியாளர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஓராண்டு முழுக்க வாங்கிய ஒவ்வொரு சீட்டையும் விழுந்த ஒவ்வொரு பரிசையும் பழைய டைரியில் எழுதி வைத்திருந்தார். கருவூலத்துக்காரர் அல்லவா. ஆண்டுக் கடைசியில் என்னிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னார். செலவு ரூ.2,340, வரவு ரூ.410. “பரவாயில்லை சார், நானூறு வந்திருக்கிறதே” என்றார். அந்த வரவை அவர் தனியாகவே வைத்துப் பார்த்தார், இன்று 0075ஐ மட்டும் பார்க்கிறோமே, அதைப் போல. பணத்தை எங்கிருந்து மிச்சம் பிடித்தீர்கள் என்று கேட்டேன். மாலைச் சாராயத்தில் கைவைக்கவில்லை. பால் அரை லிட்டரிலிருந்து கால் லிட்டர் ஆகியிருந்தது. ஒருவரின் டைரியை வைத்து மாநிலத்தை அளக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் யார் வாங்குகிறார்கள் என்ற மூன்றாவது கேள்வியில் நாடு நாடாக ஆராய்ந்தவர்களின் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான்: வருமானத்தில் எத்தனை விழுக்காடு லாட்டரிக்குப் போகிறது என்று பார்த்தால், ஏழை வீடுகளில்தான் அது அதிகம். பேரணாம்பட்டில் பீடி சுற்றும் வீட்டுக்கும் சத்துவாச்சாரியில் மாதச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். வரி என்ற சொல்லை அதன்மேல் ஒட்டவில்லை என்பதற்காக அது வரி இல்லை என்றாகிவிடாது.

ஏலகிரி கேசினோவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கேசினோ ஒரு மாநிலத்துக்கு ஆதாயமாக வேண்டுமானால், அங்கே தோற்பவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். கோவா 2020இல் தன் மக்களைக் கேசினோவுக்குள் விட மறுத்தது. சிங்கப்பூர் தன் குடிமக்களிடம் உள்ளே நுழையவே நாளொன்றுக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குகிறது, வெளிநாட்டவருக்கு அந்தக் கட்டணம் இல்லை. அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். ஏலகிரிக்கு வாரக் கடைசியில் வருவது யார்? பெங்களூருக்காரர் கொஞ்சம், மீதி சென்னை, வேலூர், ஆம்பூர். பெங்களூர்ப் பணம் வருகிறதென்று தெரிந்தால் கர்நாடகம் ஓசூர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்று கட்ட எத்தனை நாள் ஆகும்? அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் அதுதான் நடந்தது. 1978இல் கிழக்குக் கடற்கரையின் முதல் கேசினோ அங்கே திறந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் கொழித்தது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 2006 முதல் கேசினோக்கள் திறக்கத் தொடங்கியதும் வசூல் சரிந்து ஏறத்தாழ பாதியானது. 2014இல் ஒரே ஆண்டில் பன்னிரண்டில் நான்கு மூடப்பட்டன. சூதாட்டத்தை விரிவுபடுத்தும் ஒவ்வொரு மாநிலமும் அடுத்த மாநிலத்தின் வாடிக்கையாளரை நம்பித்தான் திட்டம் போடுகிறது. இணைய வழிக்கும் இனி இடமில்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிவிட்டது.

வந்த பணமும் நிலையாக வருவதில்லை. கேரள லாட்டரியின் மொத்த வசூல் 2019–20இல் பத்தாயிரம் கோடியை நெருங்கியிருந்தது. கொரோனா வந்த அடுத்த ஆண்டில் பாதிக்கு இறங்கியது. சீனாவைச் சேர்ந்த மக்காவ், தன் அரசு வருவாயில் ஐந்தில் நான்கு பங்கைச் சூதாட்ட விடுதிகளிடமிருந்து பெற்று வந்த ஊர். 2020இல் அந்த விடுதிகளின் வருமானம் நூற்றுக்கு எண்பது அளவுக்கு வீழ்ந்தது. மக்காவிடம் சேமிப்பு இருந்தது, தாங்கியது. முதல் தேதி ஓய்வூதியப் பட்டியலுக்குப் பணம் ஒதுக்கிப் பழகியவனுக்கு, நல்ல காலத்தில் கூடி, கெட்ட காலத்தில் கைவிடும் வருவாய் மேல் நம்பிக்கை வராது.

“அந்தப் பணத்தை ஏழைகளின் சிகிச்சைக்கே ஒதுக்கிவிடலாமே” என்பார்கள். கேரளம் காருண்யா லாட்டரியின் மூலம் அப்படிச் செய்தது, பலருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் கருவூலத்தில் பணத்துக்கு நிறம் கிடையாது. லாட்டரியிலிருந்து மருத்துவத்துக்கு நூறு கோடி வந்தால், பொது நிதியிலிருந்து மருத்துவத்துக்குப் போக இருந்த நூறு கோடியை வேறெங்காவது திருப்பிவிட முடியும். அமெரிக்காவில் ‘கல்விக்காக’ என்று சொல்லித் தொடங்கிய லாட்டரிகள் பலவற்றில் கல்விச் செலவு அந்த அளவுக்கு உயரவில்லை என்று கண்டிருக்கிறார்கள். பெயர் மட்டும் கல்வியோடு ஒட்டிக்கொண்டது, லாட்டரியை எதிர்ப்பவன் பள்ளிக்கூடத்தை எதிர்ப்பவன் போல ஆகிவிட்டான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதிக் கணக்கு எழுதியவன் ஆவேன். 2003இல் தடை வந்ததும் சூதாட்டம் நின்றுவிடவில்லை. வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்து நாளிதழ்களில் ‘காட்டன் சூதாட்டம்: இருவர் கைது’ என்ற செய்தி இல்லாத மாதம் இல்லை. அந்தக் காட்டன் என்ற பெயரே ஒரு வரலாறு. நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை எண்களை வைத்து பம்பாயில் பந்தயம் கட்டிய காலத்திலிருந்து வந்தது. பருத்தி போய் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது, பெயர் மட்டும் இங்கே டீக்கடை ஓரத்தில் துண்டுச் சீட்டில் நிற்கிறது. அந்தப் பணத்தில் அரசுக்கு ஒரு பைசா கிடையாது. காவல் துறைக்குச் செலவு, சிலருக்கு மாமூல். ‘எப்படியும் ஆடுகிறார்கள், நாமே நடத்தி வரி வாங்குவோம்’ என்ற வாதம் இங்கேதான் வலுப்பெறுகிறது. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன்.

என்னை மாற்றியது இங்கே கள்ளத்தனமாக நடக்கும் மூன்று நம்பர் லாட்டரி. அதில் வெற்றி எண் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கேரள அரசு லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கங்கள். சட்டப்படி நடக்கும் குலுக்கலே சட்டவிரோதச் சூதுக்கு நம்பகமான எண்ணை நாள்தோறும் இலவசமாகக் கொடுக்கிறது. கேரளத்திலேயே ‘எழுத்து லாட்டரி’ என்ற பெயரில் இதே கூத்து நடக்கிறது. வரி கட்ட வேண்டியதில்லை என்பதால் கள்ளச் சீட்டுக்காரன் கூடுதல் பரிசு தர முடியும், ஐந்து பத்து ரூபாய்க்கும் எண் எழுத முடியும், கடனுக்கும் எழுத முடியும். அரசு 40 விழுக்காடு வரியோடு அவனோடு போட்டியிட்டு வெல்லும் என்பதை நான் நம்பவில்லை. கொஞ்சம் பேர் சட்டப்படியான சீட்டுக்கு வருவார்கள், அது உண்மை. எத்தனை பேர் புதிதாகப் பழகிக் கள்ளச் சீட்டுக்கும் போவார்கள் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்த மாவட்டத்துக்காரன் என்பதால் ஒரு பழைய கணக்கும் நினைவுக்கு வருகிறது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939இல் வேலூர் அடங்கிய அன்றைய வட ஆற்காட்டுக்கும் வந்தது. ஆயத்தீர்வை போய்விடுமே என்று கையைப் பிசைந்த சென்னை மாகாண அரசு, அதே 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. தற்காலிக ஒட்டுப்போலப் பார்க்கப்பட்ட அந்த வரிதான் பின்னாளில் மாநிலத்தின் முதுகெலும்பாயிற்று. மதுவிலக்கு சரியா தவறா என்பது வேறு வழக்கு. பரந்த வரி ஒன்றைக் கண்டுபிடிக்க நேர்ந்தது அந்த நெருக்கடியால். சுலபமான வருவாய் கைவசம் இருந்திருந்தால் அந்த மெனக்கெடலே நடந்திருக்காது. எனவே தம்பியின் கேள்விக்கு என் பதில்: லாட்டரியைத் திறப்பதற்கு வேறு காரணங்கள் உங்களிடம் இருந்தால் வாதாடுங்கள். கடன் குறையும் என்ற காரணத்தை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்; அது நிற்காது. தடை தொடர வேண்டும் என்பவர்களும் ‘எத்தனை கோடி வந்தாலும் வேண்டாம்’ என்று தியாகம் பேச வேண்டியதில்லை. அவ்வளவு கோடி வராது.

உங்கள் மாமாவைப் பற்றிக் கேட்டதற்குத்தான் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கணக்கிலேயே எனக்கு மனம் இளகும் இடம் விற்பவரின் கமிஷன்தான். 2003இல் ஒரே நாளில் கடையை இறக்கியவர்களில் கால் ஊனமுற்றவர்களும் கண் பார்வை இல்லாதவர்களும் இருந்தார்கள். வேறு வேலைக்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. கேரளத்தில் இன்றும் அப்படிப்பட்டவர்கள் தெருவில் சீட்டு விற்றுக் குடும்பம் நடத்துகிறார்கள். பிழைப்புக்காகத் திறக்க வேண்டும் என்பது கடன் வாதத்தைவிட எவ்வளவோ நேர்மையான வாதம். ஆனால் அதையும் கணக்குப் போட்டே பேசுவோம். மாமாவிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதுங்கள்: ஒரு கட்டு விற்றால் அவர் கையில் எவ்வளவு நின்றது, குலுக்கல் நாள் சாயங்காலம் விற்காமல் நின்ற சீட்டுகளுக்கு யார் பணம் கட்டியது?